புலிப் படத்துக்கு இரண்டு நாற்காலி

"பக்திப் படமா?" என்று அம்மா கேட்டாள்.

"ஆமாம்" என்றான் ஜீவராஜ். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மொதல் சீனே கோயில்லதாம்மா" என்று சேர்த்துக்கொண்டான்.

அது பொய்யில்லை. கல்யாணப் பந்தலிலிருந்து தப்பித்து ஓடும் இளவரசி, கோயில் மதிலில் ஏறிக் குதிக்கிறாள். கீழே தூங்கிக்கொண்டிருக்கும் நாட்டு வைத்தியனின் சீடன் வயிற்றின் மேல் விழுகிறாள். அதற்குப் பிறகு அந்தப் படத்துக்கும் பக்திக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. இரண்டு பேரும் காடு மேடெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே ஓடுகிறார்கள். தொங்கு பாலம் அறுகிறது. புலி வருகிறது. கடைசியில் கல்யாணம். படத்துக்கு முறையான பெயர் ஒன்று இருந்தது. ஆனால் செஞ்சி வட்டாரத்தில் யாரும் அதைச் சொல்வதில்லை. புலிப் படம் என்றால்தான் தெரியும்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "அப்போ நானும் வரேன்டா. சாமி படம் பாத்து எத்தினி நாளாச்சி!"

ஜீவராஜ் போட்டிருந்த கணக்கில் இரண்டே பேர்தான். அவன் ஒன்று. அவன் மனைவி தர்மவதி இன்னொன்று.

வைகாசியில் கல்யாணம். இப்போது ஆனி முடியப் போகிறது. நாளைக் காலையில் தர்மவதியின் அண்ணன் வல்லத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து, ஆடிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். இத்தனை நாளில் அவள் அவனிடம் பேசியதை ஒரு தபால் கார்டில் எழுதினால் பாதி கார்டு மிஞ்சும். "சாப்புடறீங்களா", "துண்டு இங்க இருக்குது", "ம்." எது கேட்டாலும் தலையைக் குனிந்துகொண்டு ஒரு "ம்."

இதற்குக் காரணம் தனக்குத் தெரியும் என்று ஜீவராஜ் நினைத்தான். அவனுக்கு முன்னால் தர்மவதிக்கு ஒரு ஓவர்சியர் வரன் வந்திருந்தது. கவர்மெண்டு உத்தியோகம், கையில் கடிகாரம், சொந்தமாக மோட்டார் சைக்கிள். அதை ஏனோ வேண்டாமென்று விட்டு, அப்பாவின் மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டை எடை பார்க்கும் இவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். பெரியவர்கள் ஏதோ கணக்குப் போட்டிருப்பார்கள். பெண் மனதில் ஓவர்சியர் உட்கார்ந்திருக்கிறார். பேச்சு எங்கிருந்து வரும்?

ஒரு மாதம் பிறந்த வீட்டில் இருந்தால் அந்த ஓவர்சியர் இன்னும் வசதியாகச் சம்மணம் போட்டுக்கொள்வார். அதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். திண்டிவனம் ரோட்டுக் கொட்டகையில் புலிப் படம் இன்றோடு கடைசி.

"ஏன்டா, ஊர்ல வேற படமே இல்லியா?" என்று காலையில் விநாயகம் கேட்டிருந்தான். விநாயகம் பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் கடை வைத்திருப்பவன். அவன் மீசையும் தாராள மனசும் செஞ்சியில் பிரசித்தம்.

"இருக்குது. ஆனா கட்டினவள கூட்டிக்கினு போறதுக்கு இத வுட்டா வேற படம் கிடையாது. அழுவற படம்னா வூட்டுக்கு வந்து தலவலின்னு படுத்துக்குவா. வெறும் கத்திச் சண்ட அவளுக்குப் புடிக்காது. இதுல பாரு, அவங்க ரெண்டு பேரும் அடிச்சிக்கிறத பாத்து நாம சிரிக்கிறோம். சிரிச்சவ சும்மா இருக்க முடியுமா? திரும்பி 'பாத்தீங்களா'ன்னு ஒரு வார்த்த சொல்லித்தான் ஆவணும். அந்த ஒரு வார்த்த போதும்டா எனக்கு. அப்புறம் பாலம் அறுவுது. அப்புறம் புலி."

"புலி வந்தா?"

"பக்கத்துல இருக்கிற கைய புடிச்சிக்குவா."

"அது நாற்காலியோட கையா இருந்துதுன்னா?"

"வாய வச்சிக்கினு சும்மா இருடா. எனக்கு ரெண்டு நாற்காலி புடிச்சி வையி, அது போதும்."

நாற்காலி முக்கியம். கொட்டகையில் முன்னால் மணல், அடுத்தது பெஞ்சு. இரண்டையும் நீளவாக்கில் பிரித்துக்கொண்டு மூங்கில் தட்டித் தடுப்பு ஓடும். இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். தாலி கட்டினவர்களாக இருந்தாலும் சரி, தடுப்பு தடுப்புதான். கடைசியில் இருக்கும் ஒரே ஒரு நாற்காலி வரிசையில் மட்டும் டாக்டரும் தாசில்தாரும் மனைவியோடு சேர்ந்து உட்காருவார்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் இருந்தது. அதை ஜீவராஜ் விநாயகத்திடம்கூடச் சொல்லவில்லை.

இதே கொட்டகை மாசி மாதம் வல்லத்தில் இருந்தது. சந்தை நாளில் மல்லாட்டை பிடிக்கப் போன ஜீவராஜ் அங்கே இந்தப் படத்தைப் பார்த்தான். புதரை விலக்கிக்கொண்டு புலி பாய்ந்தபோது "ஐயையோ" என்று அலறிக்கொண்டு பெஞ்சின் மேல் ஏறி நின்றுவிட்டான். அதுகூடப் பரவாயில்லை. பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத ஒரு பெரியவரைக் கட்டிக்கொண்டான். மானம் போயிற்றே என்று, பழகிக்கொள்வதற்காக அடுத்த சந்தைக்கும் போனான். அப்போதும் ஏறினான். அதற்கடுத்த சந்தையிலும் ஏறினான். புலி வரப்போவது தெரியும், எந்தப் புதர் என்றுகூடத் தெரியும். ஆனாலும் கால் தானாக ஏறியது.

மனைவி கையைப் பிடிக்கப்போகும் நேரத்தில் கணவன் நாற்காலி மேல் நின்றுகொண்டு அலறினால் காரியம் கெட்டுவிடும். ஆகவே இன்று மலை மாதிரி உட்கார்ந்திருப்பது என்று முடிவு செய்திருந்தான்.

மத்தியானம் தர்மவதியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"புலிப் படமா? நீங்களும் வர்றீங்களா?"

"பின்ன? நாற்காலி சொல்லி வச்சிருக்கேன்."

"பெஞ்சியில ஒக்கார மாட்டீங்களா?"

"நாமளா? பெஞ்சியிலயா?" என்று கம்பீரமாகச் சிரித்தான். "பயப்படாத. புலி வந்தாலும் எனக்கு ஒண்ணும் ஆவாது. நான் எதுக்கும் அசைய மாட்டேன்."

அவள் முகத்தில் வந்திருந்த வெளிச்சம் ஏனோ கொஞ்சம் இறங்கியது. "ம்" என்று உள்ளே போய்விட்டாள்.

இந்த நிலைமையில்தான் அம்மா, சாமி படம் என்று முறத்தைக் கீழே வைத்தாள்.

ஜீவராஜ் அவசரமாக வழியை மாற்றினான். "அம்மா, ஒனக்கு ஒத்துக்காதும்மா. நடுவுல புலி வருது. பெரிய புலி. ஆள் மேல பாயுது."

"புலியா?" அம்மா குரலை உயர்த்தினாள். "ஏங்க, இங்க வாங்க! ஒங்க புள்ள புலி சண்ட படத்துக்குப் போறானாம்!"

சம்பவநாத நயினார் கூடத்திலிருந்து வந்தார். எறும்புப் புற்றைச் சுற்றிக்கொண்டு போவதற்காக மண்டிக்குத் தினமும் ஒரு தெரு அதிகம் நடக்கிறவர் அவர்.

"புலிய கொல்றானா?"

"நைனா, அது வந்து..."

"உசுர கொல்றத காசு குடுத்துப் பாக்கறதா? அதுவும் புது மருமவள கூட்டிக்கினு போயி? ஒருத்தரும் போவ வேணாம்."

"கொல்லல நைனா! யாரும் கொல்லல! புலி தலையப் போயி ஒரு அண்டாவுல வுட்டுக்குது. எடுக்க முடியல. கதாநாயகன் நெனச்சா கொல்லலாம். கத்தி கையில இருக்குது. ஆனா கத்திய தூக்கி எறிஞ்சிட்டு, அண்டாவ கழட்டிவுட்டு, போன்னு அனுப்பிச்சிடறான். புலியும் ஒண்ணும் பண்ணாம போயிடுது."

நயினாரின் முகம் மாறியது. கண்ணில் நீர் தளும்பியது என்றே சொல்லலாம்.

"அப்படி ஒரு படமா! கத்திய எறிஞ்சிட்டானா! ஏன்டா இத மொதல்லியே சொல்லல?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டார்.

கோயிலில் அவர் என்ன சொன்னார் என்பது ஜீவராஜுக்குத் தெரியாது. சாயந்திரம் தெரிந்தது.

மற்றத் தெருவாக இருந்தால் முதல் ஆட்டத்துக்குப் பெண்கள் கிளம்புவது சுலபமில்லை. உலை கொதிக்கும், குழம்பு கூட்ட வேண்டும், வீட்டுக்காரர் சாப்பிட வருவார். இந்தச் சமணர் தெருவில் அந்தத் தொல்லை கிடையாது. பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்தாக வேண்டும். செஞ்சியில் சூரியன் ராஜகிரி மலைக்குப் பின்னால் போனாலே அஸ்தமனம் என்பது நயினார் தெருவின் சட்டம். ஆகவே ஊரெல்லாம் அடுப்பு மூட்டும் நேரத்தில் இங்கே அடுப்பு மெழுகிக் கோலம் போட்டாகிவிடும். பெண்டு பிள்ளைகள் மொத்தமும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கும்.

அந்தச் சும்மா இருந்த தெரு முழுவதும் இப்போது தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு மூன்று மாட்டு வண்டிகளில் ஏறியது. முதல் வண்டியில், கோயிலில் பூசை செய்யும் உபாத்தியாயர் நெற்றியில் சந்தனத்தோடு அமர்ந்திருந்தார்.

"அகிம்சா தர்மத்துக்கு சினிமாவுல இடம் குடுத்திருக்கான். நாம போயி ஆதரிக்கணும் இல்லியா?" என்றார்.

அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் நடுவில் பச்சைப் புடவையில் தர்மவதி மாட்டிக்கொண்டிருந்தாள். ஜீவராஜ் வண்டிக்குப் பின்னால் நடந்தே போனான்.

கொட்டகை வாசலில் விநாயகம் காத்திருந்தான். "ரெண்டு நாற்காலி கேட்ட. நடுவால நல்ல எடமா தேடி ரெண்டு துண்டு போட்டு வச்சிருக்கேன். பெரிய பாடு. டாக்டர் வூட்லகூட மொறைச்சாங்க."

ஜீவராஜ் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் நயினார் விநாயகத்தின் தோளைத் தட்டினார். "யாருக்குப்பா எடம் புடிச்சிருக்க? ஓகோ, எங்களுக்கா! வாங்க உபாத்தியாயரே. பையன் பெரியவங்களுக்குன்னு ஏற்பாடு பண்ணியிருக்கான் பாருங்க."

"இந்தக் காலத்துல இப்படி ஒரு புள்ளையா!" என்று உபாத்தியாயர் ஆசீர்வாதம் செய்துவிட்டு, தர்மவதிக்காகத் துண்டு போட்டிருந்த நாற்காலியில் சௌகரியமாகச் சாய்ந்தார்.

பெண்கள் பக்கத்து வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள் பவுனம்மாள். கொட்டகை எந்த ஊருக்குப் போனாலும் கூடவே போகிறவள் அவள். தடுப்பைத் தாண்டி ஒரு பீடிப் புகைகூட வராமல் காவல் காக்கிறவள். அம்மாவின் பின்னால் தயங்கி நின்ற ஜீவராஜைப் பார்த்ததும் அவள் கண் இடுங்கியது.

"இன்னா சாமி, ஒன்ன எங்கியோ பாத்திருக்கேனே? வல்லத்துலயா?"

ஜீவராஜ் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆண்கள் பக்கம் பாய்ந்தான். பெஞ்சைப் பற்றி அவள் வாய் திறந்தால் நைனா, அம்மா, தெரு, எல்லாருக்கும் முன்னால் கதை கந்தலாகிவிடும்.

தடுப்பை ஒட்டிய பெஞ்சில் ஓர் ஓரம் கிடைத்தது. அந்தப் பக்கம், நாலு முழம் தள்ளி, பச்சைப் புடவை. அவன் பெஞ்சில் உட்காருவதைத் தர்மவதி பார்த்தாள். அவள் முகத்தில் மறுபடியும் அந்த வெளிச்சம். நாற்காலி போய்விட்டதே என்று இவன் வாடிக்கொண்டிருக்க, இவளுக்கு என்ன சந்தோஷம் என்று அவனுக்குப் புரியவில்லை. பக்கத்தில் உட்காரவேண்டிய தொல்லை தீர்ந்தது என்கிற சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும்.

படம் ஆரம்பித்தது. ஆடிக் காற்று ஒரு வாரம் முன்னாடியே கிளம்பிவிட்டது. திரை புடைத்துப் புடைத்து அடங்கியது. இளவரசி ஒரு தடவை குண்டாகவும் ஒரு தடவை ஒல்லியாகவும் ஓடினாள். தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. தர்மவதியும் சிரித்தாள். சிரித்துவிட்டு, கணக்குப்படியே பக்கத்தில் திரும்பி ஒரு வார்த்தை சொன்னாள், பெரியம்மாவிடம்.

தொங்கு பாலம் அறுந்தது. இடைவேளை.

விளக்கு போட்டதும் அம்மாவின் குரல் கொட்டகையைக் கிழித்தது. "எவன்டி இத குடுத்தான்?"

ஜீவராஜ் எழுந்து பார்த்தான். தர்மவதியின் மடியில் ஒரு பொட்டலம். எண்ணெய் ஊறிய தாளிலிருந்து வெங்காயப் பக்கோடா வாசனை இந்தப் பக்கம் வரைக்கும் வந்தது. கூடவே ஒரு சோடா.

"ஒரு மீசைக்காரரு குடுக்கச் சொன்னாரு. பச்சப் பொடவைக்குன்னு சொன்னாரு" என்றாள் பவுனம்மாள்.

தூரத்தில் டீக்கடைப் பக்கம் நின்ற விநாயகம் ஜீவராஜைப் பார்த்துக் கண் சிமிட்டினான். நண்பனின் பெயரில் புதுப்பெண்ணுக்கு ஓர் உபகாரம் செய்த பெருமிதம் அவன் மீசையில் தெரிந்தது. அந்தத் தெருக்காரர்கள் இருட்டிய பிறகு பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார்கள், வெங்காயம் பகலிலேயே கிடையாது என்பதெல்லாம் அவனுக்குத் தோன்றவில்லை.

"மீசைக்காரனா? எங்க வூட்டு மருமவளுக்கா?" அம்மா எழுந்து நின்றாள். நாற்காலி வரிசையில் நயினாரும் எழுந்தார். உபாத்தியாயரும் எழுந்தார். தெருவில் பாதி எழுந்தது. விநாயகத்தின் எலும்பு எண்ணப்படும் நேரம் நெருங்கியது.

"அம்மா! அது எனக்கும்மா!" என்று ஜீவராஜ் தடுப்பின் மேல் எட்டிக் கத்தினான். "நான்தான் வாங்கியாரச் சொன்னேன். எடம் மாறிப் போச்சி!"

"வெங்காயமா?" என்றார் நயினார். "நீயா? ராத்திரியிலயா?"

துண்டை ஓங்கி உதறிவிட்டு உட்கார்ந்தார். உபாத்தியாயர் தன் ஆசீர்வாதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது போல மெல்லத் தலையை ஆட்டினார். ஜீவராஜ் பொட்டலத்தை வாங்கி, சாப்பிடவும் முடியாமல் எறியவும் முடியாமல், எண்ணெய் சொட்டச் சொட்டக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

விளக்கு அணைந்தது. மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று, மானம். அதையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

காடு வந்தது. வைத்தியனின் சீடன் அண்டாவில் கஷாயம் காய்ச்சினான். இளவரசி அதன் நாற்றத்தைப் பற்றி ஏதோ சொன்னாள். புதர் அசைந்தது. ஜீவராஜ் தோள் துண்டைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டான். இரண்டு காலையும் பெஞ்சின் கால்களில் பின்னிக்கொண்டான்.

புலி பாய்ந்தது. அதே சமயம் காற்று அடித்துத் திரை முன்னால் புடைத்து வர, வல்லத்துப் புலியைவிட இரண்டு மடங்கு பெரிய புலியாகப் பாய்ந்தது. அம்மா பெரியம்மாவைக் கட்டிக்கொண்டாள். நாற்காலி வரிசையில் உபாத்தியாயர் "அருகனே" என்று நயினாரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஜீவராஜ் சொன்ன கணக்கு அட்சரம் பிசகவில்லை. நாற்காலியில் ஆள்தான் மாறிவிட்டது.

ஜீவராஜ் மட்டும் அசையவில்லை. கண்ணில் நீர் முட்டியது, துண்டு பாதி தொண்டைக்குள் போனது, கையிலிருந்த பக்கோடா கூழாயிற்று. ஆனால் ஒரு சத்தம் வரவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தான்.

தர்மவதி திரையைப் பார்க்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை அகல விரித்து, எதற்கோ காத்திருப்பவள் மாதிரி. புலி அண்டாவில் தலையை விட்டது. அவள் இன்னும் பார்த்தாள். சீடன் கத்தியை எறிந்தான், நயினார் கை தட்டினார், தெருவே கை தட்டியது. அவள் முகம் மெல்ல வாடித் தரைக்குப் போனது. அதன் பிறகு அவள் நிமிரவே இல்லை.

வெங்காயம்தான் காரணம் என்று ஜீவராஜ் தீர்மானித்தான்.

படம் விட்டதும் வண்டிகளைப் பூட்டினார்கள். அம்மா ஏறுவதற்குள் கிடைத்த சந்தில் அவன் தர்மவதியின் பக்கம் போய் நின்றான்.

"படம் எப்படி இருந்துது?"

"ம். நல்லாத்தான் இருந்துது." கொஞ்ச நேரம் வளையலைத் திருகினாள். "நீங்க பயப்படவே இல்லியே?"

நாள் முழுவதும் நடந்ததில் அவனுக்கு மிஞ்சிய ஒரே பெருமை அது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். "துளிகூட இல்ல. நான்தான் சொன்னேனே."

"ம்" என்றாள் அவள். வண்டிக்குள் ஏறி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவ்வளவுதான். நாளைக்கு அண்ணன் வருவான். ஆடி முழுக்க ஓவர்சியர்.

"ஜீவா, என் விசிறிய உள்ளியே வச்சிட்டேன்டா. ஓடிப் போயி எடுத்துக்கினு வா" என்றாள் அம்மா.

காலியான கொட்டகையில் பெண்கள் பக்கம் பவுனம்மாள் பெஞ்சுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஜீவராஜ் முகத்தைத் துண்டால் பாதி மறைத்துக்கொண்டு விசிறிக்குக் கை நீட்டினான். அவள் விசிறியைக் கொடுக்காமல், அரிக்கேன் விளக்கைத் தூக்கி அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"நெனச்சேன், அந்த ஆளேதான்!" என்றாள். "வல்லத்துல புலி வந்தா நீ பெஞ்சி மேல ஏறிக் கத்துவியே, அத்தப் பாக்கத்தான் சாமி ஒன் வூட்டுக்காரி சந்தைக்கு சந்த டிக்கெட் வாங்கினு வந்து தடுப்பு ஓரமா குந்தும்; 'ஓவர்சியரு கெடக்கறாரு பவுனக்கா, கட்டுனா இவரத்தான் கட்டுவேன்'னு எங்கிட்டதான் மொதல்ல சொல்லிச்சி. இன்னிக்கி அது அவ்ளோ ஆசையா வந்து பாத்துக்கினு இருக்குது, நீ ஏஞ் சாமி வாயில துணிய வச்சிக்கினு குந்தினு இருந்த?"